மலை மேல பங்குக் கோயிலுக்கு எழுதிக் குடுத்த சாஃப்ட்வேர்: ரெண்டே ஞாயிறு, திரும்பவும் நோட்டுப் புத்தகம். எங்க கோட்டை விட்டேன்?

கொண்டைஊசி_20 எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

சேலம் அஸ்தம்பட்டியில மாடி ரூம் ஒண்ணு எடுத்துத் தனியா சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கிறவன் நான். கொலுசுப் பட்டறைக்குக் கூலிக் கணக்கு, ஜவ்வரிசி ஆலைக்கு லோடு கணக்குன்னு இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் வியாபாரக் கணக்குதான். அம்மா பொறந்த ஊர் ஏற்காடு. இந்த வேலை அம்மா வழியா வந்துச்சு. "ஃபாதர் கேக்குறாரு, நம்ம கோயிலுக்கு ஒண்ணு செஞ்சு குடுடா." காசு பேசல. அம்மாவோட கோயிலுக்கு யாரு ரேட்டு பேசுவா?

ஆறு மாசம் ராத்திரியில உட்கார்ந்து எழுதினேன். குடும்ப அட்டை, அன்பிய (பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேர்ந்த குழு) வாரியாப் பட்டியல், காணிக்கை, பூசைக் கருத்து (யாருக்காக, எதுக்காகப் பூசைங்கிறது), திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணச் சான்றிதழ், பிறந்தநாளுக்குத் தானாப் போற வாழ்த்து, எல்லாத்துக்கும் மேல கலர் கலரா ஒரு டேஷ்போர்டு. ஃபாதர் பாத்துட்டு ரொம்பச் சந்தோசப்பட்டார். அக்டோபர் கடைசி ஞாயிறு நானே லேப்டாப்பத் தூக்கிட்டு இருபது கொண்டை ஊசியும் ஏறிப் போயி வச்சிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போகல. அதுக்கடுத்த வாரம் மாமா போன் பண்றார்: "மாப்ள, உன் பொட்டிய பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. ரைட்டர் தாத்தா பழைய நோட்டுலயே எழுதிட்டிருக்காரு."

ரைட்டர் தாத்தா யாருன்னா, காபி எஸ்டேட்டுல ரொம்ப வருசம் ரைட்டரா இருந்தவர். செக்ரோல், அதாவது எஸ்டேட் ஆளுங்க வருகைப் பதிவு எழுதின கை. பங்குக் கணக்கு, கல்லறைக் கணக்கு, திருவிழா வரி எல்லாம் அவர் நோட்டுலதான். அவருக்குக் கம்ப்யூட்டர் பயம்னுதான் மொதல்ல நெனச்சேன். மாமாகிட்ட விசாரிச்சப்பதான் கதை வேறன்னு தெரிஞ்சுது.

தட்டுல விழுற காசுக்குப் பேர் கிடையாது இல்லீங்களா? நான் காணிக்கைப் பக்கத்துல 'கொடுத்தவர்' கட்டத்தைக் கட்டாயமாக்கி வச்சிருந்தேன். பேர் போடாம சேவ் ஆகாது. டைப் அடிச்ச பையன் என்ன பண்ணுவான்? ஒரு ஆளையே உருவாக்கிட்டான். பெயர்: பொது. குடும்பப் பெயர்: காணிக்கை. பிறந்த தேதி ஜனவரி 1. டேஷ்போர்டத் திறந்தா இந்த மாதத்தின் பெரிய கொடையாளர், திரு. பொது காணிக்கை. அவருக்கு நன்றிச் செய்தி வேற போயிருக்கு, அந்தப் பையனோட நம்பருக்கே.

அடுத்தது பேர் தேடுறது. 'ரோசம்மா'ன்னு அடிச்சா ஒரு ரோசம்மா வருது, இன்னொரு ரோசம்மா வரல. ரெண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கு. சௌரியம்மா கதையும் அதே.

மூணாவதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. யாராவது இறந்துட்டா 'இறந்தவர்'னு டிக் போடலாம், உடனே பட்டியல்லருந்து பேர் மறைஞ்சிடும். செத்தவங்க வீட்டுக்குப் பிறந்தநாள் வாழ்த்து போயிடக்கூடாதுன்னு யோசிச்சுச் செஞ்சது, அதுல எனக்குப் பெருமை வேற. அந்த ரெண்டாவது ஞாயிறு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்னிக்கு வந்தவங்க பூரா கேட்டது செத்தவங்க பேரைத்தான். அப்பா பேருக்கு ஒரு பூசை, மாமியார் பேருக்கு ஒரு பூசை. தேடுனா யாரும் இல்ல. எங்கம்மா கல்லறைக்குப் பூ வைக்க மேல போனவங்க, தாத்தா பேருக்குப் பூசை குடுக்க வரிசையில நின்னிருக்காங்க. பேர் வரல. ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பாடு போடுறப்ப, "எங்கப்பன உன் கம்ப்யூட்டர் அடிச்சுப் போட்டுடுச்சாம்"னாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசல.

ஏற்கெனவே ரெடியா இருக்கிற சாஃப்ட்வேரையும் ஏத்திப் பாத்தேன். சர்ச்சிஆர்எம் இலவசம், பிஎச்பி, மைஎஸ்கியூஎல்ல எழுதினது. குடும்பம், நபர்னு பிரிச்ச விதம் நல்லாருக்கு. ஆனா குடும்பப் பெயர், காணிக்கை உறை எண், வருச வாக்குறுதின்னு எல்லாம் அந்த ஊர் பழக்கம். சிவிசிஆர்எம் பெரிய கடல், மலை மேல யாரு பாத்துக்கிறது? இஆர்பிநெக்ஸ்ட் நம்ம நாட்டு ஆளுங்க செஞ்சது, அதுல தொண்டு நிறுவனத்துக்குத் தனி ஆப் இருக்கு. ஆனா ஒரு ரசீது போட அஞ்சு பக்கம் தாண்டணும்.

இப்ப கீழ சேலத்துல ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலயும், பசங்களுக்கு மாலை வகுப்பு நடத்துற ஒரு சின்ன அறக்கட்டளையிலயும் இதையே கேக்குறாங்க. மூணுக்கும் ஒண்ணே போதுமா? எதைத் தூக்கி எறியணும், எதை வச்சுக்கணும்? கோயில் கணக்கு, டிரஸ்ட் கணக்கு பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.


ஹெட்கேஷியர்_ஓய்வு எழுதியது:

தம்பிக்கு ஸ்தோத்திரம். திரு. பொது காணிக்கையைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வங்கியில் முப்பத்திநாலு வருஷம் காசு எண்ணினவன். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் ட்ரெஷரராகப் பிடித்துப் போட்டுவிட்டார்கள், ஆறு வருஷம் பார்த்தேன். நீங்கள் எழுதியது ஃபாதர் பார்ப்பதற்கு. டைப் அடிக்கப் போகிறவர் ஃபாதர் இல்லையே.

ஆராதனை முடிந்த பிறகு வெஸ்ட்ரியில் (கோயிலை ஒட்டின அறை) என்ன நடக்கிறது என்று ஒரு நாள் வாயைத் திறக்காமல் நின்று பாருங்கள். பைகளை மேஜைமேல் கவிழ்ப்போம். பத்து ரூபாய் நோட்டு எட்டாக மடித்துக் கிடக்கும், சிறுபிள்ளைகள் பிரசங்கம் முடியும்வரை வேர்வைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தது. ஒருவர் பிரித்து நீவி அடுக்குவார். ஒருவர் எண்ணுவார். ஒருவர் சீட்டு எழுதுவார்: ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை, நூறு எத்தனை, கடைசியில் சில்லறை. உறையில் வந்தது தனிக் குவியல். அதன்மேல் பேரும் இருக்கும், காரணமும் இருக்கும். ஸ்தோத்திரக் காணிக்கை, தசமபாகம், மகளுக்குப் பிரசவம் நல்லபடி ஆனது. எண்ணி முடித்ததும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டீ வரும். இந்தச் சீட்டுத்தான் உங்கள் முதல் திரையாக இருக்க வேண்டும். நோட்டு எத்தனை என்று அடித்தால் கூட்டுத்தொகை தானாக வரட்டும், எண்ணின இருவர் பேர் வரட்டும், முடிந்தது. பேர் இல்லாத காசுக்குப் பேர் கேட்காதீர்கள்.

க்யூஆர் அட்டையில் வருகிற காசு வேறு கதை. எங்கள் சபையில் முதலில் சத்தமாகச் சொல்லும் பெட்டியோடு வாங்கி வைத்துவிட்டார்கள். உருக்கமான ஜெபத்தின் நடுவில் 'ஐம்பது ரூபாய் பெறப்பட்டது' என்றது. அன்றைக்கே வாயைக் கட்டினோம். திங்கட்கிழமை பாங்க் ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு, இந்த 'ஜே டி ராஜ்' யார் என்று தேடுவது என் வேலை. அந்த வேலைக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தால் ட்ரெஷரர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அறுப்பின் பண்டிகையை மறந்துவிடாதீர்கள், சபைக்குச் செய்வதென்றால் அதுதான் பரீட்சை. பூசணிக்காய், வாழைத்தார், மலையிலிருந்து யாராவது கொண்டுவந்த பலாவும் மிளகும், கால் கட்டின சேவல். எல்லாம் ஏலம். சேவலை ஒருவர் 900 ரூபாய்க்கு எடுப்பார், எடுத்த கையோடு 'சபைக்கே திரும்ப' என்பார். மறு ஏலம். எங்கள் சபையில் ஒரே சேவல் நாலு தடவை விற்று 3,800 ரூபாய் கொண்டுவந்தது, கடைசியில் அதை வாங்கினவர் அறுக்க மனசில்லாமல் வளர்த்தார். உங்கள் சாஃப்ட்வேர் இதைச் சரக்குக் கணக்காக எழுதினால் சேவல் மைனஸ் மூன்று என்று நிற்கும். சரக்கு வேண்டாம், ஏலத்துக்கு ஏலம் ஒரு வரி போதும். அந்த வரியில் கட்டாயம் இருக்க வேண்டியது பாக்கி. ஏலம் எடுக்கும்போது கை தாராளம், காசு வருவதற்கு கிறிஸ்துமஸ் தாண்டும். பாக்கிப் பட்டியல் எங்கே வைப்பது என்பதிலும் கவனம் தேவை. எங்கள் கமிட்டியில் ஒருவர் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார், இரண்டு குடும்பம் ஆறு மாதம் கோயில் பக்கம் வரவில்லை.

ரசீது எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலையில் சிக்னல் போனால் இரண்டு போனில் ஒரே எண் விழும். இதற்குப் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. நாங்கள் வரி பிரிக்கப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு ரசீது புத்தகம் கொடுப்போம், இவருக்கு 'அ' புத்தகம், அவருக்கு 'ஆ' புத்தகம். போனையும் அப்படி ஒரு புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள். தப்பாகப் போட்ட ரசீதை அழிக்கவும் விடாதீர்கள். குறுக்கே கோடு போட்டு 'கேன்சல்' என்று எழுதி, இரண்டு பிரதியும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும், அதுதான் முறை.

மூன்றுக்கும் ஒன்றே போதுமா என்று கேட்டீர்கள். உங்கள் பங்கில் ஆயர் என்றால் பிஷப். எங்கள் சபையில் ஆயர் என்றால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவர், பிஷப்பைப் பேராயர் என்போம். உங்கள் பக்கம் பேராயர் என்றால் அதற்கும் ஒரு படி மேலே. ஒரே பட்டியலை இரண்டு இடத்திலும் வைத்துப் பாருங்கள், எங்கள் ஆயருக்கு ஒரே நாளில் மறைமாவட்டமே கிடைத்துவிடும்.


ஃபார்முலா_மன்னன் எழுதியது:

இதுக்கு எதுக்குப்பா ஆறு மாசம்? ஒரு எக்செல் ஷீட், நாலு டேப். முடிஞ்சது.


ஹெட்கேஷியர்_ஓய்வு எழுதியது:

எக்செல்லில் போன மார்ச் மாதக் காணிக்கையை இன்றைக்கு நான் மாற்றினால் யாருக்குத் தெரியும்? வருஷக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அதைத்தான் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றவன் நான்.


ஃபார்முலா_மன்னன் எழுதியது:

சரிங்க சார், ஒத்துக்கிறேன். அதுக்குப் பதிலா ரோசம்மாவுக்கு மருந்து சொல்றேன். 'ரோ'ன்னு அடிக்கிறப்ப சில கீபோர்டு அந்த ஓகாரக் குறியை ஒரே எழுத்தாப் போடும். பழைய ஃபான்ட்லருந்து மாத்தின ஃபைல்லயெல்லாம் இரட்டைக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு எழுத்தா வரும். திரையில ரெண்டும் ஒண்ணு, டேட்டாபேஸுக்கு ரெண்டும் வேற. சேவ் பண்றதுக்கு முன்னாடியும் தேடுறதுக்கு முன்னாடியும் யூனிகோட் என்எஃப்சி ஆக்கிடுங்க, அதாவது ரெண்டு விதமா வர்றத ஒரே விதமாக்குறது, ஒரு வரி கோடு. ஆனா சௌரியம்மா இதுக்கு மசிய மாட்டாங்க. அங்க நம்ம ஆளுங்க ஔகாரக் குறிக்குப் பதிலா ஒத்தைக் கொம்பு போட்டுப் பக்கத்துல 'ள' எழுத்தையே அடிச்சிருப்பாங்க. அது யூனிகோட் கணக்குப்படி வேற சொல்லு. தேடுறதுக்குன்னு டேட்டாபேஸ்ல தனியா ஒரு கட்டம் வச்சு, ரெண்டையும் 'சவ'ன்னு மாத்திப் போட்டுத் தேட விடுங்க. சவரியம்மான்னு எழுதினவங்களும் சேர்ந்து மாட்டுவாங்க.


மே_31 எழுதியது:

எந்தத் தேதிக்கு எனக்குத் தூக்கம் போகும்னு பேரைப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பீங்க. நாலு ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. டிரஸ்ட் ஃபைல் பூரா என் மேசைக்குத்தான் வரும்.

கோயிலையும் அறக்கட்டளையையும் ஒரே அச்சுல வார்க்காதீங்க, வரிச் சட்டம் ரெண்டையும் ஒரே கண்ணால பாக்கல. 80ஜி சலுகை, அதாவது நன்கொடை குடுத்தவருக்குக் கிடைக்கிற வருமான வரிச் சலுகை, தர்ம காரியத்துக்கு. மதக் காரியத்துக்குன்னு இருக்கிற அமைப்புக்குப் பொதுவா அது கிடைக்காது. கோயில் ரசீதுல அழகுக்காக '80ஜி'ன்னு அடிச்சு வச்சிடாதீங்க, பாத்திருக்கேன்.

திரு. பொது காணிக்கை விசயமும் அப்படித்தான். முழுக்க மதக் காரியத்துக்கான டிரஸ்டுக்குப் பேர் தெரியாத காசு வந்தா பாதகமில்ல. தர்ம டிரஸ்டுக்கு அப்படி வந்தா, 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில 5 சதவீதம், இதுல எது அதிகமோ அதுவரைக்கும்தான் விடுவாங்க. மேல போற தொகைக்கு 30 சதவீதம் வரி. ஆக கோயிலுக்குப் பேர் கேட்காதீங்க, டிரஸ்டுக்குப் பேரும் முகவரியும் கேட்டே ஆகணும். ஒரே திரையில ரெண்டும் எப்படிங்க நடக்கும்?

உங்க மாலை வகுப்பு டிரஸ்டுக்கு 80ஜி இருந்தா இன்னும் வேலை இருக்கு. 2021-22 நிதியாண்டுலருந்து கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடி-ல ஏத்தணும், அடுத்த மே 31-க்குள்ள. தாமதமானா நாளுக்கு 200 ரூபாய். பேர், முகவரி, பான் அல்லது ஆதார் மாதிரி ஒரு அடையாள எண், தொகை, எப்படி வந்துச்சு, மூலநிதிக்கா வேற எதுக்காவதான்னு எல்லாம் கேக்கும். அதைக் காசு வாங்குறப்பவே ரசீதுல வாங்கிடணும். மே மாசம் போன் போட்டு "அண்ணே, உங்க பான் நம்பர்"னு கேட்டா நம்மள சைபர் திருடன்னு நெனச்சு வச்சிடுறாங்க. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா குடுத்தவருக்குச் சலுகை இல்லைங்கிறதையும் ரசீது போடுற பொண்ணு பாக்குற மாதிரி திரையிலயே காட்டுங்க.

'80ஜி சான்றிதழ்'னு ஒரு பட்டன் வைக்கணும்னு கை துறுதுறுக்கும். வைக்காதீங்க. சான்றிதழ் 10பிஇ, அது 10பிடி ஏத்தினப்புறம் வருமான வரி போர்ட்டல்லருந்துதான் இறங்கும். உங்க வேலை ரசீதோட முடியுது. ஒரு டிரஸ்டுக்கு யாரோ எழுதிக் குடுத்த சாஃப்ட்வேர் தங்கக் கலர் பார்டர் போட்டுச் சான்றிதழ் அடிச்சுத் தள்ளிடுச்சு. கொடையாளர்ல பாதிப் பேர் அதையே நம்பிட்டாங்க. அந்த வருசம் ஜூலை முழுக்க எங்க ஆபீஸ் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

வெளிநாட்டுக் காசுல ரொம்பப் பேர் தப்பு பண்றது ஒரே கட்டத்துலதான். 'நாடு'ன்னு முகவரியில கேப்பாங்க. கேக்க வேண்டியது குடியுரிமை. துபாய்ல வேலை பாக்குற நம்ம ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோட பாங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கின அவன் அக்கா, லீவுக்கு அஸ்தம்பட்டி வந்து ரூபாயாவே குடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம்) பதிவு இல்லாத டிரஸ்ட் அதைத் தொடக்கூடாது. பதிவு இருந்தா, 2020 திருத்தத்துக்கப்புறம் அந்தக் காசு எஸ்பிஐ புதுடில்லி மெயின் பிராஞ்சுல இருக்கிற கணக்குலதான் வந்து விழணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதனால குடியுரிமைன்னு ஒரு கட்டம், அதுல 'இந்தியா' இல்லேன்னா சிவப்பு விளக்கு.

இன்னொண்ணு. பிரிவு எண்ணையும் படிவ எண்ணையும் கோடுக்குள்ள புதைக்காதீங்க. 2025-ல நிறைவேறின புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல், எண்ணெல்லாம் மாறுது. தனி டேபிள்ல எந்தத் தேதியிலருந்து எந்த எண்ணுன்னு வச்சுக்குங்க. இந்தப் பதிவுல நான் சொன்ன எண்ணுங்க எல்லாம் பழைய சட்டத்துக்கு.

கடைசியா ஒரு வேண்டுதல். பேரேடு, ஐந்தொகை எல்லாம் நீங்க எழுதாதீங்க. அதுக்கு டேலின்னு கணக்கு சாஃப்ட்வேர் இருக்கு, எங்களுக்கு அதுதான் பழக்கம். ரசீதும் வவுச்சரும் டேலிக்குள்ள போற மாதிரி ஒரு ஃபைல் குடுத்தாப் போதும். உங்க ஆறு மாசத்துல மூணு மாசம் மிச்சம்.


அன்பியம்_அக்கா எழுதியது:

தம்பி, நானும் மலை மேலதான், வேற பங்கு. பெரிய விசயமெல்லாம் அவங்க சொல்லிட்டாங்க. எனக்குக் கம்ப்யூட்டர் ஞானம் கம்மி. பத்து வருசமா வீடு வீடாப் போறதால தெரிஞ்சதச் சொல்றேன்.

ஒரே ஆளுக்கு எங்கூர்ல மூணு பேரு. பழைய திருமுழுக்கு ஏட்டுல லத்தீன்ல 'ஜோவான்னெஸ்'னு சாமியார் எழுதி வச்சிருப்பாரு. வீட்டுல அருளப்பன். ஆதார்ல ஜான். இராயப்பன்தான் பீட்டர், சின்னப்பன்தான் பால், முடியப்பன்தான் ஸ்டீபன், சூசைதான் ஜோசப். கல்யாணத்துக்குச் சான்றிதழ் கேட்டு வர்ற பிள்ளைக்கு இது தெரியாது, 'ஜான்'னு கேட்டுட்டு இல்லேன்னு திரும்பிப் போயிடும். எல்லாப் பேரையும் ஒருத்தருக்கே வச்சுக்க இடம் குடுங்க. குடும்பப் பேருன்னு கேக்கவே கேக்காதீங்க, நமக்கு அப்பன் பேரோட மொத எழுத்துதான். கல்யாணம் ஆன பொண்ணுங்க சில பேரு இனிஷியல மாத்துவாங்க, சில பேரு மாத்த மாட்டாங்க.

திருமுழுக்கு ஏட்டுல ஒரு தடவை எழுதினது எழுதினதுதான். உறுதிபூசுதல், கல்யாணம், குருப்பட்டம் எது நடந்தாலும் அந்த வரிக்குப் பக்கத்துல ஓரக்குறிப்பா ஏறும். கல்யாணம் வேற ஊர்ல நடந்தா அங்கருந்து எழுதி அனுப்புவாங்க, இங்க ஓரத்துல சேப்பாங்க. இது திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு, எண் 535ன்னு எங்க ஃபாதர் சொல்லுவார். உங்க சாஃப்ட்வேர்ல 'திருத்து'ன்னு பட்டன் இருந்தா எடுத்துடுங்க, 'குறிப்பு சேர்'னு வைங்க. பூசைக் கருத்துக்கும் தனிப் புத்தகம் வைக்கணும்னு 958-ல இருக்காம், அதையும் காணிக்கையோட கலக்காதீங்க. ஏட்டை ஸ்கேன் பண்ணி வைக்கிறதா இருந்தா மழைக்கு முன்னாடி பண்ணுங்க, எங்க மூட்டத்துல பாதி ஏடு பூஞ்சணம் புடிச்சுக் கிடக்குது.

இப்பச் சொல்றதக் கேட்டுத் திட்டாதீங்க. எங்க பங்குலயும் ஒரு தம்பி ஆப் செஞ்சு குடுத்தான். வீடு சந்திச்சுட்டு வந்து 'குறிப்பு'ன்னு ஒரு கட்டத்துல எழுதணும். நான் ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்து 'வீட்டுக்காரர் மறுபடி குடிக்கிறார், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டல'ன்னு எழுதினேன். ஃபாதர் மட்டும் பாப்பார்னு நெனச்சேன். அன்பியத் தலைவர் பதினாலு பேரு போன்லயும் அது தெரிஞ்சிருக்கு. அந்தப் பொண்ணு என்னை ரோட்டுல பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போச்சு. மூணு வருசமாச்சு, இன்னும் பேசல. அந்தக் கட்டத்த எடுத்துடுங்க தம்பி. அப்படி விசயமெல்லாம் நேர்ல ஃபாதர்கிட்டச் சொல்லிக்கிறோம்.


மே_31 எழுதியது:

அக்கா சொன்னதுக்குச் சட்டமும் இருக்கு. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பர்ல விதிகள் வந்தாச்சு, படிப்படியா அமலாகுது. 18 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க விவரத்துக்குப் பெத்தவங்க சம்மதம் வேணும். மறைக்கல்விப் பிள்ளைங்க போட்டோ, பிறந்த தேதி எல்லாத்தையும் வாட்ஸ்அப் குரூப்ல கொட்டுற பட்டன் இருந்தா அதையும் எடுத்துடுங்க.


கொண்டைஊசி_20 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சார் சொன்ன மாதிரியே போன ஞாயிறு மொத பஸ்ஸுக்கு ஏறிப் போயி, லேப்டாப்பத் திறக்காம ரைட்டர் தாத்தா பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டேன். அவரும் என்ன ஏதுன்னு கேக்கல.

நோட்டு நெட்டுவாக்குல பெருசா இருக்கு. குடும்பத்துக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் ஆளுங்க பேரு, வலப்பக்கம் வரி, கல்லறைக் காசு, பாக்கி. செக்ரோல்ல ஆள் வந்தாச்சுன்னு போடுற மாதிரியே சின்னச் சின்னக் கோடு. பத்து வருசத்துக் கணக்கு, ஒரு இடத்துலகூட அடிச்சு எழுதல. தப்பானா கீழ சிவப்பு மையில சரி பண்ணி, பக்கத்துல கையெழுத்தும் தேதியும். நான் 'ஆடிட் லாக்'னு பெருமையா எழுதி வச்சிருந்தது அதேதான், அவருது இன்னும் சுலபமாப் படிக்கிற மாதிரி இருக்கு.

எங்க தாத்தா வீட்டுப் பக்கத்தைக் கேட்டேன். எடுத்துக் குடுத்தார். தாத்தா பேரு மேல கோடு இல்ல. பேருக்கு முன்னாடி சின்னதா ஒரு சிலுவை, பின்னாடி இறந்த தேதி, அவ்வளவுதான். குடும்பத்துல அவரோட இடம் அப்படியே மொத வரியில இருக்கு. அவருக்குக் கீழ ஆச்சி, அதுக்கும் ஒரு சிலுவை. அப்புறம் மாமா, அதுக்கப்புறம் அம்மா பேரு, எதிர்ல 'சேலம் போனது'.

அங்கயே உட்கார்ந்து மாத்தினேன். டேஷ்போர்டு போச்சு. பிறந்தநாள் வாழ்த்து போச்சு. குறிப்புக் கட்டம் போச்சு. மொதத் திரை நோட்டு எண்ணுற சீட்டு. இறந்தவங்களுக்குச் சிலுவை போட்டு அதே இடத்துல. போனுக்கு ஒரு ரசீது புத்தகம். டிரஸ்டுக்குத் தனியா எழுதப் போறேன். சி.எஸ்.ஐ. சபைக்கு அறுப்பின் பண்டிகை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன், சேவலுக்காக.

தாத்தா ஒரு நிபந்தனை போட்டிருக்கார். வர்ற ஈஸ்டர் வரைக்கும் நோட்டுலயும் எழுதுவாராம், பொட்டியிலயும் எழுதச் சொல்லுவாராம், ரெண்டும் ஒத்து வந்தா அப்புறம் பேசலாமாம். எழுத்தை வேற பெருசாக்கச் சொன்னார், இப்ப ஒரு திரைக்கு ஆறு பேருதான் தெரியுது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருக்குங்க. சின்ன தெர்மல் பிரிண்டர்ல தமிழ் கட்டம் கட்டமா விழுது. ரசீதப் படமா மாத்தி அனுப்புறேன், நல்லா வருது, ஆனா ஒரு ரசீதுக்கு எட்டு செகண்ட் ஆகுது. பூசை முடிஞ்சு வரிசையில நிக்கிறவங்க கீழ்க் கிராமத்துக்குப் போற பஸ்ஸப் புடிக்கணும். இதைவிட வேகமா யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க.